கேட்டும் போடாத சோறு

தம்பி,

சம்பந்தி மயங்கியது பன்றிக்கறியால் அல்ல. சோற்றுக்கென்று போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசி உடம்பில் இருந்தது, சோறு இல்லை. அதனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது, காரை ஓட்டிக்கொண்டிருந்தபோதே நினைவு தப்பியது. இதைச் சொன்னவர், விபத்து நடந்த அன்று சிதம்பரத்தில் அவரை முதலில் பார்த்த மருத்துவர். நேற்று சம்பந்தி காலில் தையல் பிரிக்கப் போனபோது நானும் கூடப் போனேன். சம்பந்தி அனுமதி கொடுத்த பிறகு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, மருத்துவர் என்னிடம் நேரடியாகச் சொன்னார். கறி கெட்டிருந்தால் வயிறு காட்டிக்கொடுத்திருக்கும், கூடச் சாப்பிட்டவர்களுக்கும் ஏதாவது வந்திருக்கும், பன்றிக்கறிக்குச் சர்க்கரையை இப்படித் தள்ளிவிடும் சக்தி கிடையாது என்றார். சர்க்கரை இறங்கியதால்தான் மயக்கம் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். ஏன் இறங்கியது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான். முப்பது வருடமாகக் கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்துச் சம்பளம் வாங்கியவன், இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பதில் ஏற்கெனவே தெரியும்.

நீ என்னோடு பேசி இரண்டு வாரம் ஆகிறது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உன் கல்யாண அறிவிப்பு ஓலை நம் பங்குக் கோயிலில் ஒரு ஞாயிறு வாசிக்கப்பட்டு அதோடு நிற்கிறது. இரண்டாம் ஓலையையும் மூன்றாம் ஓலையையும் வாசிக்க வேண்டாம், பெரியவர்கள் கூடிப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று பெண் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். பாதிரியாரும் சரி என்றார். ஓலை நின்றால் பூசைக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஏன் நின்றது என்று கேட்பார்கள். "சம்பந்திக்குப் பன்றிக்கறி கொடுத்தார்கள், அவருக்கு ஆகவில்லை, வழியில் விழுந்துவிட்டார்" என்ற பதில் கடலூர் முதுநகரில் கிளம்பி, உன் பெரியப்பா இருக்கும் மேல்பட்டாம்பாக்கம் வரை போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதாமல், ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். 2004இல் நீ கல்லூரியில் இருந்தபோது, மங்கலம்பேட்டையில் நடந்த ஒரு திருட்டை மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்ததாக நான் செய்தியில் எழுதிவிட்டது உனக்கு நினைவிருக்கும். உன் பெரியப்பாவே தொலைபேசியில் என்னைத் திட்டினார். மூன்றாம் நாள் திருத்தம் வந்தது. நீ பத்திரிகையைப் புரட்டிப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "தப்பு இம்மாம் பெருசா வந்துச்சு, திருத்தம் ஏம்ப்பா எறும்பு மாதிரி இருக்கு?" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். இப்போது மழுப்ப முடியாது. தவறு போன தூரத்துக்குத் திருத்தமும் போக வேண்டும்.

என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். அன்று நீ சென்னையில் இருந்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

போன வருடம் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் நான் சோற்றை விட்டது உனக்குத் தெரியும். முதல் மாதம் சிரமப்பட்டேன். பிறகு இடுப்புப் பட்டையில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் கொஞ்சம் தாங்க முடியாதவனாகிவிட்டேன். கல்யாண வீடுகளில் பக்கத்து இலைக்காரரிடம் போய்ச் சோற்றின் தீமையை விளக்கினேன். நீ கூட, "நம்ம வீட்டுல இப்ப ரெண்டு பிரசங்கம். ஒண்ணு கோயில்ல, ஒண்ணு சாப்பாட்டு மேசைல" என்றாய். ஆனால் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் விளக்கவில்லை. சோற்றை விடப் போகிறேன் என்று சொன்ன அன்றே என் மருத்துவர் என் மாத்திரையைப் பாதியாக்கினார். "சோத்த கொறச்சா மருந்தும் கொறையணும் சார். ரெண்டும் சேந்து நடக்கணும். எங்கிட்ட கேக்காம எதையும் மாத்தாதீங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறு பெண் சுகன்யாவின் வீட்டாரை விருந்துக்கு அழைக்க வேண்டும் என்று அம்மாதான் சொன்னாள். பன்றிக்கறி என்று முடிவு செய்தவன் நான். நீ சென்னையிலிருந்து கூப்பிட்டாய்.

"அப்பா, கோழி பண்ணலாம்ல?"

"ஏன், ஈஸ்டர் முடிஞ்சு வர்ற விருந்து. நம்ம வீட்டு வழக்கம் தெரிஞ்சுக்கட்டுமே."

"மாமா எதுவும் சொல்ல மாட்டாரு. சுகன்யாவோட அத்தைக்குத்தான் அது ஆவாது. வாசனைகூட ஆவாதாம்."

"அந்தம்மா வரலன்னுட்டாங்களே. அப்புறம் என்ன? ஒளிச்சு ஒளிச்சு எத்தினி நாளு சம்பந்தம் பண்றது?"

"ஒளிக்க சொல்லலப்பா. மொத சாப்பாட்டுலயே வேணாமேன்னுதான். சரி, செய்யறதுன்னா சோறு வடிச்சு, கொழம்பு வச்சு, ஒழுங்கா செய்யிங்க. உங்க டயட்ட அவுங்க மேல ஏத்தாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நீ மறந்துவிட்டாய். மருத்துவமனையில் என் மேல் கோபப்பட்டபோது உனக்குக் கறிதான் நினைவிருந்தது. நான் மறக்கவில்லை.

கறியைப் பற்றி எழுதுகிறேன். அது உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அது குற்றமற்றது. சனிக்கிழமை காலையே சொல்லிவைத்து, தோலோடு தொடைக்கறி வாங்கினேன். வெந்நீர் ஊற்றி, மயிர் இல்லாமல் தோலைச் சுரண்டி, துணியால் ஈரம் போகத் துடைத்தேன். தோலில் கட்டம் கட்டமாகக் கீற வேண்டும். கத்தி கொழுப்பில் நிற்க வேண்டும், கறிக்குள் இறங்கிவிட்டால் சாறு மேலே வந்து தோல் மொறுமொறுப்பாகாது. தோலுக்கு உப்பு மட்டும். கறிப் பக்கம் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, புதுச்சேரியில் வாங்கிவந்த ரோஸ்மேரியை நுணுக்கிச் சேர்த்தேன். அதோடு சேர்க்கும் தைம் இலை கிடைக்கவில்லை. அதற்குப் பதில் நம் கொல்லையில் இருக்கும் கற்பூரவல்லியைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். அது தைமுக்குக் கிட்டத்தட்ட வரும், ஆனால் கை ஜாஸ்தியானால் இருமல் கஷாயம் ஆகிவிடும், எனவே பார்த்துப் போடு. ஒரு கரண்டி வினிகர். சுருட்டி நூலால் கட்டி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் திறந்தபடி வைத்தேன். தோல் காய வேண்டும் என்பதற்காகத் திறந்தபடி.

நம் வீட்டு அடுப்பில் அவ்வளவு பெரிய துண்டு வேகாது. முதுநகர் பேக்கரிக்காரர் ஞாயிறு காலை ரொட்டி எடுத்து முடித்ததும் அடுப்பை அணையவிடுவார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் நம் பங்கில் நாலைந்து வீட்டுத் தட்டுகள் அந்த மிச்சச் சூட்டில் வேகும். இந்த முறை என் தட்டு மட்டும்தான். உள்ளே தள்ளும்போது அவர் எட்டிப் பார்த்தார்.

"உருளைக்கெழங்கு போடலயா சார்? எப்பவும் சுத்தி அடுக்குவீங்களே."

"கெழங்கு கூடாது. மாவுச்சத்து."

"பன்னிக்குமா டயட்டு?"

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் கடும் சூட்டில் தோல் பொரிந்தது, பிறகு அடுப்புச் சூடு இறங்க இறங்கக் கறி மெதுவாக வெந்தது. பூசை முடிந்து வந்து கம்பியால் குத்திப் பார்த்தபோது சாறு தெளிவாக வந்தது. தட்டில் சேர்ந்த சாற்றை வீட்டில் சுண்ட வைத்தேன். வழக்கமாகக் கரைக்கும் மைதாவைக் கரைக்கவில்லை. சோற்றுக்குப் பதில் காலிபிளவரைத் துருவி ஆவியில் வைத்து உதிர்த்தேன். பீன்ஸ் பொரியல், வெள்ளரிக்காய், முட்டைகோஸ். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து சம்பந்திக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு இதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காட்ட வேண்டும் என்பதுதான் சரியான சொல். அவர் உடம்பு குணமாக வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

அவரும் உன் அத்தையும், அதாவது சுகன்யாவின் அம்மாவும், கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஓலையைக் கேட்டார்கள். தன் பெண்ணின் பெயரைப் பாதிரியார் வாசித்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு சிப்பம் அரிசியை இறக்கினார். கீரப்பாளையத்தில் அவருடைய சொந்த வயலில் தை மாதம் அறுத்தது. "கடையில வாங்குனது இல்ல சம்பந்தி. வடிச்சா பூவாட்டம் இருக்கும்" என்றார். நன்றி சொல்லி, சிப்பத்தை மூலையில் சாய்த்தேன்.

கை கழுவிய பிறகு, "ஒரு ரூம் காட்டுங்க, ஊசி போட்டுக்கணும்" என்றார். நான்தான் அழைத்துப் போனேன். நான்தான் விளக்கைப் போட்டேன். அவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டபோது கதவோரம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். "எப்பவும் போடற அளவுதானா?" என்றுகூடக் கேட்டேன். "அதேதான். மதியம்தான் எனக்கு சோறு ஜாஸ்தி" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் ஒரு தகவலைக் கொடுக்க முடியாது. நான் கேட்ட கேள்விக்கு நேரான பதில். நான் தலையாட்டிவிட்டு, கறி வெட்டப் போனேன்.

அவருக்குக் கறி பிடித்திருந்தது. இதை நீ நம்ப வேண்டும். முதல் துண்டை யோசித்துத்தான் வாயில் வைத்தார். தோல் நொறுங்கிய சத்தம் கேட்டு அவரே சிரித்துவிட்டார். "அப்பளம்னு நெனச்சேன் சம்பந்தி" என்றார். உன் அத்தையைப் பார்த்து, "அக்கா கேட்டா ஆட்டுக்கறின்னு சொல்லிடு" என்றார். "உங்க அக்காவுக்கு நான் பொய் சொல்லணுமா? நீங்களே சொல்லிக்குங்க" என்றார் உன் அத்தை. மேசை முழுக்கச் சிரிப்பு. நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அது நடந்தது.

இரண்டாம் முறை கறி வைத்துக்கொண்டவர், காலிபிளவரை விரலால் தள்ளி ஓரம் கட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கை சோறு இருந்தா போடுங்களேன். சாறு நல்லா இருக்கு. சோறு விழாட்டா சாப்புட்ட மாதிரியே இருக்காது."

"இன்னிக்கு ஒரு நாளு சோறு இல்லாம பாருங்க சம்பந்தி. நாளைக்கு காலைல சுகர் பாத்துட்டு நீங்களே எனக்கு போன் போடுவீங்க."

"அது சரி. ஒரு கை மட்டும்."

"வடிக்கவே இல்லயே" என்றேன்.

வடித்திருந்தது, தம்பி. உன் அம்மா அவர் கொண்டுவந்த சிப்பத்தைப் பிரித்து, அவர் வயல் அரிசியையே, அவருக்காகவே வடித்திருந்தாள். வந்தவர் கொடுத்த அரிசியில் ஒரு பிடியாவது அன்றே உலையில் போட வேண்டும் என்பது அவள் வீட்டுப் பழக்கம். நான் "வடிக்கவே இல்லயே" என்று சொன்னபோது அவள் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சம்பந்தியும் உன் அத்தையும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நெல் விளைவிக்கிற மனிதர், என் வீட்டு மேசையில் ஒரு கை சோறு கேட்டார். அது பத்தடி தூரத்தில் ஆவி பறக்க இருந்தது. நான் இல்லை என்றேன். ஒரு பேச்சில் ஜெயிப்பதற்காக இல்லை என்றேன்.

புறப்படும் நேரத்தில் அவர் நெற்றி வியர்த்திருந்தது. சட்டைக் காலரும் நனைந்திருந்தது. "என்ன சம்பந்தி, மிளகு ஏறிடுச்சா?" என்றேன். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார், வார்த்தை கொஞ்சம் குழறியது. வயிறு நிறைந்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அம்மா காபி கொடுத்தாள், சர்க்கரை இல்லாத காபி. அதற்கும் நான்தான் காவல். கார் கிளம்பியது. புதுச்சத்திரம் தாண்டி அது சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதி நின்றது. உன் அத்தை தப்பித்தது கடவுள் செயல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே நம்புகிறேன், ஆனால் சம்பந்தியின் வலது காலுக்கு அந்த விலக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தது உனக்குத் தெரியும். சுகன்யாவின் பெரிய அத்தை, சம்பந்தியின் அக்கா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்த்துப் பேசவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "எந்தம்பி ஓட்டாத காரா? ஒரு நாளு கண்ணு அசந்ததுண்டா? பன்னிய துண்ண வச்சு அனுப்பிட்டாங்க." யாரோ ஒருவர் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார். "அத துண்ணா எறங்காம ஏறவா செய்யும்?" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் நீ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாய். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னிடம் வந்து, "நாந்தான் சொன்னேன்ல?" என்றாய். பன்றிக்கறியைச் சொன்னாய். நான் தலை குனிந்து, "ஆமாம்பா" என்றேன்.

அந்த "ஆமாம்" பற்றித்தான் இந்தக் கடிதம். அது பணிவு அல்ல. நீ என்மேல் வைத்த குற்றச்சாட்டு நான் செய்ததைவிடச் சின்னது. வேறு வழக்கம் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்தபோது பன்றிக்கறி வைத்தேன் என்பது பிடிவாதம், அவ்வளவுதான். நாலு பேர் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஊசி போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சோறு கேட்டவரிடம் பொய் சொன்னேன் என்பது வேறு. அதனால் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் பின்னால் மறைந்து நின்றேன். நீ கோபமாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அந்தப் பெரிய அத்தையின் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. அவர் ஒவ்வொரு முறை பன்றி என்றபோதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இதைப் படிக்கும்போது உனக்கு என்மேல் அருவருப்பு வந்தால், அது நியாயமானது.

நாலைந்து நாள் கழித்து, அம்மா காய் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"புள்ள சுகன்யாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கானாம். இனிமே அவுங்க வீட்டு வாசப்படிய பன்னிக்கறி தாண்டாதுன்னு."

"நல்லதுதான். அவுங்களுக்கு புடிக்கலன்னா வேணாம்."

"புடிக்கலன்னு யாரு சொன்னா? ரெண்டாந்தடவ வாங்கி துன்னாரு அந்த மனுஷன். ஏங்க, நீங்க செஞ்சதுக்கு உங்க புள்ள ஏன் சத்தியம் பண்ணணும்?"

நான் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தேன்.

"வாயில்லா ஜீவன் மேல பழிய போட்டுட்டு உக்காந்திருக்கீங்க. அன்னிக்கி நான் கிண்ணத்த கொண்டாந்து வச்சிருக்கணும். உங்க மூஞ்சிய பாத்துட்டு உள்ள போனேன் பாருங்க, என்னயதான் சொல்லணும்."

அவள் தன்னையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் அந்தச் சோற்றை அவள் சாப்பிடவும் இல்லை, கொட்டவும் மனம் வரவில்லை. யாருக்கோ கொடுத்துவிட்டாள். நீ அவளிடம் பேசும்போது, அவள் மேல் தவறு இல்லை என்று நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

நேற்று மருத்துவமனையில் மருத்துவர் எல்லாம் விளக்கிவிட்டுப் போன பிறகு, நானும் சம்பந்தியும் மட்டும் இருந்தோம். உன் அத்தை மருந்து வாங்கப் போயிருந்தார். சம்பந்தி தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எந்தப்பு சம்பந்தி. ஊசிய போட்டவன் சோறு துண்ணாம எழுந்திரிக்கலாமா? உங்க வீட்டுல வடிக்கலன்னா ஒரு வாழப்பழமாவது கேட்டு வாங்கியிருக்கணும். புது சம்பந்தம், ரெண்டாவது வாட்டி கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு." பிறகு, "அக்கா பேசறத மனசுல வச்சுக்காதீங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றார். வாய் திறந்தேன். உன் அத்தை மருந்துப் பையோடு உள்ளே வந்தார். மூடிக்கொண்டேன். அவர் வந்ததால்தான் மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மை அல்ல. அவர் வராவிட்டாலும் நேற்று நான் சொல்லியிருக்க மாட்டேன். ஒருவர் என் பழியைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதை உட்கார்ந்து கேட்டேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் வரை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, உட்காரத் தோன்றவில்லை.

வீடு கட்டிக் குடும்பம் நடத்தப் போகிறாய். உனக்கு ஒன்றிரண்டு சொல்ல எனக்கு இன்னும் உரிமை மிச்சம் இருந்தால் சொல்கிறேன். உன் வீட்டில் உனக்குப் பிடித்த எதை வேண்டுமானாலும் சமை. உன் உடம்புக்கு ஒத்துக்கொள்வதை நீ சாப்பிடு. ஆனால் மேசையில் மற்றவர்களுக்கு வேண்டியது இருக்கட்டும். சாப்பிட வந்தவரைத் திருத்த நினைக்காதே. நல்லது என்று உனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதையாக இரு, எனக்கு அந்த உறுதி இருந்த இடத்தில்தான் கண் தெரியாமல் போனது. ஒருவர் ஒரு வாய்ச் சோறு கேட்டால், ஏன் என்று கேட்காமல் போடு. மருந்து எடுப்பவர் என்றால், என்ன மருந்து, சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டாரா என்று கேள், பதிலை வாங்கிக்கொண்டு கறி வெட்டப் போய்விடாதே. சுகன்யாவிடம் செய்த சத்தியத்தை நீ வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். பொய்யான தகவலை நம்பி அதைச் செய்தாய் என்பதை மட்டும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

இனி, இன்னும் முடியாதவை. எலும்பு சரியாகச் சேருகிறதா, கல்யாணத்தன்று சம்பந்தி ஊன்றி நிற்க முடியுமா என்பது திங்கட்கிழமை எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டுப் பெரியவர்கள் ஞாயிறு மாலை கூடுகிறார்கள். ஓலை விஷயம் அதற்குப் பிறகுதான். அதற்கு முன், சனிக்கிழமை காலை, நான் சிதம்பரம் போகிறேன். சோறு வடித்திருந்தது என்பதை அவரிடமும், அவர் அக்கா வீட்டில் இருந்தால் அந்த அம்மாவிடமும் சொல்லப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். இந்தக் கடிதத்தின் கையெழுத்துப் பிரதியை உனக்கு இன்றே கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். இன்னொரு பிரதியைச் சனிக்கிழமை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுவேன். அவர் சம்மதித்தால் ஓர் எழுத்தும் மாற்றாமல் நம் பங்கின் மாத இதழில் வரும். அவர் வேண்டாம் என்றால் எங்கேயும் வராது.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதும் பழக்கமும் எனக்கு இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் தெரிந்துவிடும். நான் போய்ச் சொன்னேனா, என்ன சொன்னேன் என்பதை என்னிடம் கேட்காதே. அவருக்குப் போன் போட்டு, அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்.

அப்பா